தர்விஸின் கூடை

“தலையைத் தூக்காதே, பார்த்துடப் போறாரு,” என்று நஸ்ருலின் சட்டையைப் பிடித்து இழுத்துத் தாழம்புதருக்குப் பின்னால் உட்கார வைத்தாள் யுஸ்னி. சுபுஹு தொழுகை முடிந்து கடற்கரை வெளுத்துக்கொண்டிருந்தது. தண்ணீரோரமாகக் கூடையைத் தூக்கிக்கொண்டு தர்விஸ் வந்துகொண்டிருந்தார்.

“நான் சொன்னேன்ல அக்கா. தினமும் இதே நேரம்தான்,” என்றான் நஸ்ருல். அவன் படகோட்டி. கடலுக்குப் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறான். “போறப்ப புள்ளத்தாச்சி மாதிரி அடி அடியா நடக்கிறாரு. வர்றப்ப கூடையை வீசிக்கிட்டு வர்றாரு.”

“எடுத்ததை இங்கேயே எவன் படகுலயாவது ஏத்தி விட்டுட்டா, வீசிக்கிட்டு வர வேண்டியதுதானே?”

யுஸ்னிக்கு அதில் சந்தேகமே இல்லை. ஒரு காலத்தில் இதே மணலில் கடை போட்டு, ஆமை முட்டையை அவித்து விற்றவர் தர்விஸ். இனி முட்டையில் கை வைப்பதில்லை என்று ஊரே பள்ளிவாசலில் சத்தியம் செய்தபோது, கடைசி ஆளாக, வேப்பெண்ணெய் குடித்த முகத்தோடு வந்து நின்றவரும் அவர்தான்.

அந்தச் சத்தியத்தை வாங்கியவள் யுஸ்னி. “முட்டையைத் தின்னா ஒரு வேளைக்கு ஆச்சு. குஞ்சு பொரிக்க விட்டா, அதைப் பார்க்கவே ஆளுங்க வருவாங்க” என்று வீடு வீடாகப் போய்த் தொண்டை வற்றப் பேசியவள். சொன்னபடி வந்தார்கள். குஞ்சுகளைக் கடலில் விட்டுப் படம் பிடித்தார்கள். வீடுகளில் தங்கி, தேங்காய்ப்பாலில் வற்றவைத்த ரெண்டாங் என்கிற இறைச்சிக் கறி சாப்பிட்டார்கள். இன்று ஊரில் பாதி அடுப்பு அவர்களை நம்பித்தான் எரிகிறது.

இன்று மத்தியானம் பாடாங் நகரத்திலிருந்து சுற்றுலாக் கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள். கரையில் புதிய முட்டைக்குழி இருந்தால் ஆட்களை இங்கேயே அனுப்புவார்கள். இல்லையென்றால் வேறு தீவுக்குத் திருப்பிவிடுவார்கள். அப்புறம் ஊர் முகத்தில் அவள் எப்படி விழிப்பாள்? இந்த நேரம் பார்த்துக் கிழவருக்குப் பழைய புத்தி வந்துவிட்டதே என்று அவள் நொந்துகொண்டாள்.

தர்விஸ் ஓர் இடத்தில் மண்டியிட்டார். மணலைத் தோண்டினார். தோள்வரை கையை உள்ளே விட்டார்.

“போதும், வா,” என்று எழுந்து ஓடினாள் யுஸ்னி.

“அண்ணே, கையை வெளிய எடுங்க.”

தர்விஸ் நிமிர்ந்து பார்த்தார். ஓடவில்லை. குழிக்குள் பாதி முட்டை, கூடைக்குள் பாதி முட்டை. கையும் களவுமாகப் பிடித்தாகிவிட்டது.

“பள்ளிவாசல்ல சத்தியம் பண்ணின கைதானே இது? உங்களுக்கு வெக்கமா இல்ல?”

அப்போதுதான் நஸ்ருல் மணலைக் காட்டினான். கடலிலிருந்து குழிவரை அகலமாக ஒரு தடம், இரண்டு பக்கமும் துடுப்புக்கால் கீறல். தாய் ஆமை ஏறி வந்த தடம். திரும்பிப் போன தடத்தை மட்டும் காணோம்.

அண்ணே என்கிற மரியாதை அத்தோடு போயிற்று.

“ஏறி வந்திருக்கு. இறங்கிப் போகல. அப்போ தாயையும் கறிக்குக் குடுத்துட்டியா? நீயெல்லாம் மனுசனா?”

“யார் படகுல ஏத்தின பெருசு? பேரைச் சொல்லு,” என்று நஸ்ருல் முண்டாசை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டான்.

“கூடையை இடிச்சுடாதப்பா. முட்டை புரண்டா பொரிக்காது,” என்றார் தர்விஸ்.

பிறகு, அவர்கள் அங்கே இல்லாததுபோல, கூடையிலிருந்து ஒவ்வொரு முட்டையாக இரண்டு கையாலும் எடுத்துக் குழிக்குள் இறக்கினார். மணலைத் தள்ளி மூடித் தட்டிவிட்டார்.

“மாட்டிக்கிட்டதும் திரும்ப வைக்கிறியா?” யுஸ்னியின் குரலில் இன்னும் சூடு தணியவில்லை.

“இது இங்க எடுத்தது இல்ல. எதிர்த்தீவுல பொறுக்கறவங்ககிட்ட வாங்கினது. சந்தைக்குப் போகறதுக்குள்ள போய் வாங்கிடுவேன்.”

“கதை விடாதே. அப்ப அந்தத் தாய் ஆமை எங்கே?”

தர்விஸ் பக்கத்தில் கிடந்த தென்னைமட்டையை எடுத்தார். குழியிலிருந்து கடல் பக்கமாக, குனிந்தபடி, பின்னோக்கி நடந்து மணலை இழுத்தார். நடுவில் அகலமாக ஓர் இழுப்பு. இரண்டு பக்கமும் மட்டை நுனியால் கீறல். காணாமல் போயிருந்த தடம் அவர் கையாலேயே தண்ணீர்வரை போய்ச் சேர்ந்தது. “ஏறி வந்த தடத்தை விடியறதுக்கு முன்னாடியே இழுத்து வச்சுட்டுத்தான் கூடையை எடுக்கப் போனேன்,” என்றார்.

நஸ்ருல் முண்டாசைக் கையிலிருந்து அவிழ்த்தான். யுஸ்னி அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

“என் மக வீட்லயும் விருந்தாளிங்க தங்கறாங்கல்ல,” என்று தர்விஸ் யாரையும் பார்க்காமல் சொன்னார்.

“அதுக்கு நீங்க எதுக்கண்ணே வைக்கணும்?” என்றாள் அவள். “இங்க ஆமை போடற முட்டை போதாதா?”

தர்விஸ் மட்டையைக் கடலில் அலசினார்.

“இந்தக் கரையில ஆமை ஏறி ரெண்டு வருஷமாச்சு, தங்கச்சி.”