கட்டிலடிச் சண்டை

விடியக் கண்ணைத் திறந்ததுமே செசீலியா புருசனோடு சண்டைக்கு வந்துவிடுவாள்.

"உங்கட அக்கா நம்மட கலியாணத்துக்குத் தந்த செம்பு ஓட்டைதானே? உள்ளதைச் சொல்லுங்க!"

படுத்துக்கொண்டு பதில் சொல்கிற ஆளில்லை செபஸ்தியாம்பிள்ளை. காலைக் கீழே போட்டு உட்காருவார். அக்கா செத்துக் குழியில் புல்லும் முளைத்துவிட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்கமாட்டார். செசீலியாவும் அவர் முழங்காலில் முட்டுகிற மாதிரி நின்றுகொண்டு நகரமாட்டாள்.

பிறஷருக்குக் குளிசை விழுங்கத் தொடங்கிய பிறகு, சடக்கென்று எழும்பினால் அவருக்குப் பிறஷர் இறங்கிக் கண் இருட்டிவிடும். போன மாதம் எழும்பிய வேகத்தில் கதவு நிலையில் விழுந்து நெற்றி பிளந்தது. இன்னொரு தரம் விழுந்தால் ஆள் மிஞ்சாது, கட்டிலில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழும்ப வேண்டும் என்றார் தையல் போட்ட டொக்டர்.

செபஸ்தியாம்பிள்ளை சிரித்தார். நைலோன் வலை வராத காலத்திலிருந்து கல்குடாவில் கரைவலை இழுத்த உடம்பு. விடியற்காலை வலைக்காரரின் கூப்பிடு சத்தம் கேட்டால் அதற்கு ஓடத்தான் தெரியும்.

அதுவரை அதிர்ந்து பேசாத செசீலியா அன்றைக்குப் பிறகுதான் வாய் திறந்தாள்.

"குளிசை குடிக்கிறது அவரு. பிறஷர் ஏறுறது உங்களுக்கா அக்கா?" என்று பக்கத்து வீட்டுப் புஸ்பம் வேலிக்கு மேலால் கேட்பாள்.

இன்றைக்கு அவளுக்குத் தடிமன். மூக்கோடு தொண்டையும் அடைத்துவிட்டது.

அவர் காலைக் கீழே போட்டார். அவள் வந்து நின்றாள். வாயைத் திறந்தாள். காற்றுத்தான் வந்தது.

கடற்கரையில் வலைக்காரர் கூப்பிட்டார்கள். அவர் தொடை துடித்தது. செசீலியா பயந்துபோய்த் தோளை அமுக்கினாள். அவரை நிறுத்துகிற பலம் அந்தக் கைக்கு இல்லை.

அவர் எழும்பவில்லை.

"உன்ட அண்ணன் கலியாணத்துக்குக் கொண்டுவந்த ஆடு நொண்டி," என்றார்.

அவள் கண் உருண்டது. இல்லையென்று கையை ஆட்டினாள்.

"நொண்டிதான்கா. ஒரு கண்ணும் குருடு. கறியில மயிரும் கிடந்திச்சு."

ஆடு நன்றாக நடந்ததென்று அவள் இரண்டு கையாலும் நடந்து காட்டினாள். அவர் விடவில்லை. கண்ணுக்குள் கட்டியிருந்த இருட்டுக் கலையும்வரை ஆட்டைக் குறை சொன்னார்.

பிறகு கையை நீட்டினார். அவள் பிடித்தாள். மெல்ல எழும்பினார். நிலம் இருந்த இடத்திலேயே இருந்தது.

பிடித்த கையை விடாமலே சொன்னார்:

"கொத்தமல்லி அவிச்சுக் குடிகா. நாளைக்கு நீதான் தொடங்கணும்."