அடுத்து வரிக்குதிரை

டிக்கெட் வாங்காமல் உள்ளே வரக் கூடாது என்று வர்வாராவின் சொந்த வீட்டு வாசலிலேயே எழுதி வைத்திருந்தது.

இத்தாலியிலிருந்து இரண்டு நாள் வேனில் குலுங்கி வந்தவள், இரண்டு பெட்டிகளோடு அந்தப் பலகையின் முன்னால் நின்றாள். மால்டோவாவில் எல்லா ஊரும் ஒரே மாதிரிதான், வேறு எங்காவது இறங்கிவிட்டோமோ என்று திரும்பிப் பார்த்தாள். தெருக் கிணறும் எதிர்வீட்டு வாதுமை மரமும் இருந்த இடத்திலேயே இருந்தன.

உள்ளே ஒரு மயில் அகவியது.

ஆறு வருடம். முறையான பேப்பர் இல்லாமல் இத்தாலியில் தங்கி, யாரோ பெற்ற மக்களின் படுத்த படுக்கையான அம்மாவைக் குளிப்பாட்டி, துடைத்து, ஊட்டி, அதில் கட்டிய வீடு இது. எல்லையைத் தாண்டினால் மறுபடி உள்ளே விட மாட்டார்கள் என்பதால் நடுவில் ஒரு தடவைகூட வந்ததில்லை.

போன மாதம் அந்த அம்மாள் கண்ணை மூடினாள். போதும் என்று வர்வாரா கிளம்பிவிட்டாள். இனிமேல் தன் வீடு, தன் கட்டில், தன் மகள் தொயினா. கணவன் தெமியானிடம்கூடச் சொல்லவில்லை. திடீரென்று போய் நின்று திகைக்க வைக்கலாம் என்று நினைத்தாள்.

திகைத்தது அவள்தான்.

தெமியான் தீவன வாளியோடு ஓடி வந்தான். கட்டிப்பிடித்து அழுதான். அழுது முடிப்பதற்குள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சுற்றிக் காட்ட ஆரம்பித்துவிட்டான். திராட்சைக் கொடி இருந்த இடத்தில் மான்கள். கார் நிறுத்தக் கட்டிய கொட்டகையில் ஒரு ஒட்டகம்.

அவள் மாடி ஏறினாள்.

படுக்கையறைக்கென்று கடை கடையாக ஏறித் தேடி அவள் அனுப்பிய நீல டைல்ஸ். அடியில் சுடுதண்ணீர்க் குழாய். அந்தக் கதகதப்பில் இரண்டு குரங்குகள் கால் நீட்டிப் படுத்திருந்தன.

“அதுங்களுக்குக் குளிர் தாங்காது, வர்யா.”

“எனக்குத் தாங்குமா?”

அவன் வெளிச் சுவரில் வரிசையாக ஒட்டியிருந்த கிரேயான் படங்களைக் காட்டினான்.

“தொயினா வரைஞ்சது. இதெல்லாம் இனிமே வரப்போறது. வரிக்குதிரை அடுத்த மாசம், சொல்லி வச்சாச்சு, வேலிகூடப் போட்டாச்சு. கங்காருதான் கொஞ்சம் இழுத்தடிக்குது.”

வர்வாராவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

“நான் அங்க பீ அள்ளினது ஒட்டகம் வாங்கவா? ஊர்ல அவனவன் வீடு கட்டறான், நீ காடு கட்டி வச்சிருக்கே.”

“கத்தாதே. தொயினா காதுல விழும்.”

“விழட்டும். பதினோரு வயசாச்சு, அப்பன் லட்சணம் தெரிய வேணாமா? எங்கே அவ? அவளே சொல்லட்டும் இது நியாயமான்னு.”

தெமியான் வாளியைக் கீழே வைத்தான்.

“அவ பேசறதில்லை.”

“என்கூடவா?”

“யார்கூடவும். நீ கிளம்பின குளிர்காலத்திலேர்ந்து.”

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. போனில் பெண் சிரிப்பாள், கையாட்டுவாள், முத்தம் கொடுப்பாள். கூச்ச சுபாவம் என்று இவன் சொல்வான். டீச்சரும் அதைத்தான் சொன்னாள், பாதிரியாரும் அதைத்தான் சொன்னார். ஊரே சேர்ந்து அவளிடம் மறைத்திருக்கிறது.

“சொன்னா நீ ஓடி வந்துடுவே. வந்தா திரும்பிப் போக முடியாதேன்னு…”

“ஓடி வந்திருப்பேன்டா பாவி. அதுக்குத்தானே சொல்லணும்.”

அவன் தலையை நிமிர்த்தாமலே சொன்னான். டாக்டர் ஏதாவது ஒரு பிராணி வாங்கிக் கொடுக்கச் சொன்னாராம். முயல் வாங்கினான். கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று, ஒரு வருடத்துக்குப் பிறகு மகளின் குரலைக் கேட்டான். மூன்று மாதம் அதனோடு ஓயாமல் பேசினாள். பழகிப் போனதும் நிறுத்திவிட்டாள். மயில் வாங்கினான், மறுபடி பேசினாள். பிறகு மான்கள். புதிதாக வந்ததோடு மட்டும்தான் பேச்சு. அது என்ன பேச்சு என்று கிட்டே போய்க் கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. கிட்டே போனால் அதுவும் நின்றுவிடும்.

“குரங்குகூடப் போன வாரத்தோட நிறுத்திட்டா. அதான் வரிக்குதிரைக்கு நாயா அலையறேன்.”

வர்வாரா படிகளில் இறங்கியது அவளுக்கே நினைவில்லை.

வீட்டுக்குப் பின்னால், வரிக்குதிரைக்காகப் போட்ட புது வேலிக்குள் தொயினா வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தாள். போனில் தெரிந்ததைவிட உயரம். வர்வாரா வேலிக்குள் நுழைந்தாள். ‘அம்மா வந்துட்டேன்’ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது. அந்த வைக்கோலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பெண் அவளை நெடுநேரம் பார்த்தாள். ஒரு வாளி நிறையத் தண்ணீர் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள். தொடாமல், இரண்டடி தள்ளிக் குந்தி உட்கார்ந்தாள்.

வேலிக்கு வெளியே தெமியான் கையால் வாயைப் பொத்திக்கொண்டான்.

“உன்னை விட்டுட்டுப் போயிட்டாங்களா?” என்று கேட்டாள் தொயினா. வர்வாராவுக்கு அறிமுகமே இல்லாத, கொஞ்சம் கரகரத்த குரல்.

“அழாதே. முதல்ல ரொம்பக் கஷ்டமா இருக்கும். அப்புறம் பழகிடும்.”