விழாக் குழுவும் துக்கக் குழுவும்

"நாடு பிறந்து நூறு வருஷம். கேக் வெட்ட கவுன்சில்தான் பணம் தரணும்" என்றார் ட்ரெவர் மவ்ஹின்னி.

"நாட்டை வெட்டி நூறு வருஷம்னு சொல்லுங்க. வெட்டினவங்களே கேக்கும் வெட்டுவாங்க, நாங்க கை தட்டணுமா?" என்றார் டிம்ப்னா மகர்க்.

அயர்லாந்தை இரண்டாகப் பிரித்து வடக்கைத் தனியே வைத்து, அடுத்த வருஷத்தோடு நூறு ஆகிறது. பாலிநக்கில் டவுன் கவுன்சிலில் மூன்று வாரமாக இதே கூத்து. ட்ரெவர், பிரிட்டனோடுதான் இருப்போம் என்கிற கட்சி. டிம்ப்னா, அயர்லாந்தை ஒன்றாகச் சேர்ப்போம் என்கிற கட்சி. ஒருவர் மழை என்றால் மற்றவர் வெயில் என்பார்.

தலைமை அதிகாரி நோர்மா எஸ்லருக்குத் தலைவலி. அவருடைய கவலையே வேறு. ஊர்ப் பொது மண்டபத்தில் ஹீட்டர் வெடித்து ஏழு வாரம் ஆச்சு. செவ்வாய்தோறும் அங்கே நடந்த முதியோர் மதியச் சாப்பாடும் நின்றுபோச்சு. நாற்பது பேர், இரண்டு கட்சிக்காரர்களும் பாதிப்பாதி. எண்பத்தேழு வயது ஹ்யூபர்ட் தினமும் போன் செய்து, "இந்தச் செவ்வாய் உண்டா?" என்று கேட்பார். தனிக்கட்டை. வாரத்தில் அந்த ஒரு நாள்தான் அவர் மனுஷ முகம் பார்ப்பது.

ஹீட்டருக்கு நிதி இல்லை. நினைவு விழா நிதி மட்டும் கொழுத்துக் கிடந்தது. அதை வேறு எதற்கும் தொடக்கூடாது என்று விதி.

'வயசானவங்க விறைச்சுக் கிடக்காங்க, இதுங்களுக்குக் கேக் கேக்குது' என்று நோர்மா மனசுக்குள் திட்டித் தீர்த்தார். யாராயிருந்தாலும் திட்டத்தான் செய்வார்கள்.

"சரி, விழாவுக்குக் குடுங்க. அதே அளவு எங்களுக்கும் குடுங்க" என்றார் டிம்ப்னா.

"உங்களுக்கு எதுக்கு?"

"துக்கம் அனுசரிக்க."

யாரும் சிரிக்கவில்லை. ஒரு தெருவுக்கு விளக்குப் போட்டால் எதிர்த்தரப்புத் தெருவுக்கும் போட்டே ஆகணும், அதுதான் அந்த ஊர் வழக்கம். இரண்டு நிதிக்கும் தீர்மானம் நிறைவேறியது.

"விழாக் குழு வாராவாரம் கூடணும். இடவசதிச் செலவை இதுலயே எழுதலாமா?" என்றார் ட்ரெவர்.

"எழுதலாம்" என்றார் நோர்மா.

"அப்போ துக்கக் குழுவும் வாராவாரம் கூடும். சாப்பாட்டோட" என்றார் டிம்ப்னா.

"துக்கத்துக்குச் சாப்பாடா?"

"எங்க வீட்டு எழவுக்கு ஒரு தடவை வந்து பாருங்க. உங்க கல்யாணச் சாப்பாடெல்லாம் பிச்சை வாங்கணும்."

ட்ரெவர் மேசையைத் தட்டினார். டிம்ப்னா பதிலுக்கு இரண்டு தட்டினார்.

மூன்று வாரம் கழித்து, குழுக்கள் நிஜமாகவே கூடுகின்றனவா என்று பார்க்க நோர்மா மண்டபத்துக்குப் போனார். கதவைத் திறந்ததும் அவருடைய மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்தது. உள்ளே அவ்வளவு கதகதப்பு.

நீள மேசை ஒன்று. ஒரு முனையில் 'விழாக் குழு' என்று அட்டை, மறு முனையில் 'துக்கக் குழு' என்று அட்டை. நடுவே பெரிய சூப்புப் பாத்திரம். சுற்றிலும் நாற்பது முதியவர்கள் அட்டையைக் கவனிக்காமல் கலந்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க எந்தக் குழு?" என்று ஹ்யூபர்ட்டிடம் கேட்டார் நோர்மா.

"சூப்பு சூடா இருந்தா விழா. ஆறிப்போச்சுன்னா துக்கம்."

சமையலறையில் ட்ரெவர் உருளைக்கிழங்கு சீவ, டிம்ப்னா தட்டு கழுவிக்கொண்டிருந்தார்.

"நீ அன்னைக்கு மேசையைத் தட்டினது கொஞ்சம் ஓவர்" என்றார் டிம்ப்னா.

"கல்யாணச் சாப்பாட்டை இழுத்தியே, அது மட்டும்? என் பொண்டாட்டி ரெண்டு நாள் உன்னைத் திட்டினா. எங்க வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் அவதான் சமைக்கிறா."

வாசலில் நோர்மாவைப் பார்த்ததும் கத்தி அப்படியே நின்றது.

"ஹீட்டரைத்தான் இடவசதின்னு எழுதினோம்" என்றார் ட்ரெவர் மெதுவாக. "நிறுத்திடுவீங்களா?"

ஒழுகும் கூரையிலிருந்து ஒரு மழைச் சொட்டு நோர்மாவின் தோளில் விழுந்தது. அண்ணாந்து பார்த்தார். பிறகு ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சூப்பு வரிசையில் போய் நின்றார்.

"கொடிக்கம்பம் நட ஒரு நிதி சும்மா கிடக்கு" என்றார் அங்கிருந்தே. "கம்பத்தைக் கூரைமேலதான் நடணும்னு சொல்லுங்க. ஆனா, அதுக்கு ரெண்டு பேரும் இன்னும் கொஞ்சம் சத்தமாச் சண்டை போடணும்."