பத்துக்கு ஏழு

"வலி பத்துக்கு எவ்வளவு சார்?" பிசியோதெரபிஸ்ட் பெண் தினமும் கேட்பாள்.

"ஏழும்மா" என்பேன்.

பொய். முழங்கால் மூட்டு மாற்றி மூன்று மாதமாகிறது. வலி இரண்டுகூட இல்லை. குணமாகிவிட்டால், லீவு போட்டு வந்து கவனிக்கிற மகன் கிளம்பிவிடுவான். அப்புறம் நானும் நாலு சுவரும்தான்.

இன்று காலை என் வாக்கரைத் துடைத்துக்கொண்டிருந்தான். மனசு உறுத்தியது. கொட்டிவிட்டேன்.

"எனக்கு வலியே இல்லடா. உன்னைப் பிடிச்சு வைக்கத்தான் நடிச்சேன். நாளைக்கே வேலைக்குக் கிளம்பு."

"தெரியும்பா. போன மாசமே ஸ்டூல்ல ஏறி பல்பு மாட்டுனீங்களே, பார்த்தேன்."

"அப்புறம் ஏன்டா சும்மா இருந்தே?"

"ஆபீஸ் வாசல் வரைக்கும் போயிட்டு, உள்ள போக முடியாம திரும்பிடுவேன்பா. உங்க ஆபரேஷனுக்கு முன்னாடியே வேலையை விட்டுட்டேன். நீங்க படுத்திருந்தா, நான் ஏன் வீட்ல இருக்கேன்னு யாரும் கேக்க மாட்டாங்கல்ல..."

மூன்று மாதமாக என் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். பெற்ற பிள்ளையின் முகத்தை ஒரு நாள்கூடப் பார்க்கவில்லை.

அழைப்பு மணி அடித்தது. அதே பெண், அதே கேள்வி.

நான் மகன் பக்கம் திரும்பினேன்.

"நீ சொல்லுப்பா. எவ்வளவு?"

தலையைக் குனிந்துகொண்டான்.

"ஒன்பது."