மாஸ்டர் பக்கம்

ஸ்னூக்கர் விளையாட்டுக்கான மாத இதழின் முப்பது வருட வரலாற்றை ஒரே பக்கத்தில் எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். அவள் பாதி முடித்திருந்தபோது, இதழை வாங்கியிருந்த புது முதலாளி ஆசிரியரோடு உள்ளே வந்தார்.

“வாசகர் கடிதம் பூரா ‘மாஸ்டர் பக்கம்’ எழுதுற மாஸ்டருக்குத்தான் வருது. அவரும் எடிட்டரும் மட்டும் இருக்கட்டும். மத்தவங்க இந்த மாசத்தோட கிளம்பலாம்.”

“நானுமா சார்?” என்றாள்.

“நீ என்னம்மா பண்றே?”

“பிழை திருத்துறாங்க சார்,” என்று ஆசிரியர் முந்திக்கொண்டார்.

“ஸ்டிக்கை என்னிக்காவது கையில பிடிச்சிருக்கியா?”

“கிளப்புக்குள்ள எங்களையெல்லாம் யார் சார் விடுறாங்க? எங்க வீட்ல காலேஜ் வாசலை மிதிச்சதே நான்தான் முதல்ல.”

“அப்போ மாஸ்டரைப் படி. முகமே காட்டாத மனுஷன், வெள்ளைப் பந்தை எங்கே நிறுத்தணும்னு எவ்வளவு அழகா சொல்லித் தர்றார்!”

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. தலையை ஆட்டிவைத்தாள்.

அவர் போனதும் ஆசிரியர் கதவைச் சாத்தினார்.

“வீட்டிலிருந்தே எழுதி அனுப்பிடும்மா. அவர் எழுதினதைத் திருத்தித் திருத்தியே கத்துக்கிட்டு, நாலு வருஷமா மாஸ்டர் பக்கத்தை நீதானே எழுதுறே? அந்த மனுஷன் செத்துட்டார்னு இப்போ எந்த வாயால சொல்றது?”

“நீங்க சொல்ல வேணாம் சார்.”

அவள் வரலாற்றின் கடைசி வரிகளை அடித்தாள்: ‘மாஸ்டர் காலமாகி நான்கு வருடங்கள் ஆகின்றன. அதன்பின் அவர் பெயரில் வந்த நாற்பத்தெட்டுப் பக்கங்களையும் எழுதியது பிழை திருத்துபவள்.’

பிழை இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு அச்சுக்கு அனுப்பினாள்.