பானைக்குள் பாட்டு

பேச்சைத் தவிர எல்லாச் சத்தத்தையும் சுவரே விழுங்கிவிடும் வீடுகள் வந்தபின், பாட்டு அவரவர் காதுக்குள் போய்விட்டது. கல் குவாரிக் கொட்டகையில் குடித்தனம் தொடங்கியபோது கேட்ட மாதிரி, பெண்டாட்டியோடு சேர்ந்து ஒரு பாட்டாவது கேட்டுவிட வேண்டும் என்று மாயழகுக்கு ஆசை. பழைய ஸ்பீக்கர் ஒன்றைத் தேடிப் பிடித்து, அன்றுபோலவே மண்பானை வாயில் வைத்துக் கட்டினார்.

"கல்லுடைச்ச கைக்கு இந்த வயசுல விளையாட்டப் பாரு," என்றாள் சீனியம்மா.

பாட்டைப் போட்டார். சுவர் அவ்வளவையும் விழுங்கியது. அவர் முகம் தொங்கிப் போனது.

"கெடக்கு, விடுய்யா," என்று பானையை நகர்த்தப் போனவள் அப்படியே நின்றாள். உள்ளங்கையில் பானை அதிர்ந்தது.

"யோவ், இங்க கைய வையி. கொட்டகையில கேட்ட அதே பாட்டுதான?"

கையை வைத்தவர், விரலால் மெல்லத் தாளம் போட்டார்.

"அப்பவும் தப்பாத்தான் தட்டுவ," என்றாள். கையை மட்டும் எடுக்கவில்லை.