கிழிந்த தோசை

பின்னக் கணக்கை எப்படி நடத்துவது என்று மேகலை டீச்சர் ஆசிரியர்களின் டெலிகிராம் குழுவில் கேட்டிருந்தாள். அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. இவள் 'மழைத்துளி'. பதில் போட்டது 'கரும்பலகை'.

"வட்டம் வேணாம் டீச்சர். தோசை வரைங்க, கிழிஞ்ச தோசை. பசங்க சிரிச்சுக்கிட்டே கத்துக்குவாங்க."

அந்தப் பேச்சு பிடித்துப்போய், தன் தலைமையாசிரியர் பாதி நாள் பள்ளிக்கே வராமல் கையெழுத்து மட்டும் போடுவதையும் 'கரும்பலகை'யிடம் தனியாகக் கொட்டிவிட்டாள். அவளுக்கோ தற்காலிக வேலை. தெரிந்தால் சீட்டு கிழிந்துவிடும்.

மறுநாள் வகுப்பில் சாக்பீஸை எடுத்தாள். பலகையில் இன்னும் ஒரு கோடுகூட விழவில்லை. வாசலில் தலைமையாசிரியர் ஞானப்பிரகாசம்!

"என்னம்மா, இன்னைக்கு தோசையா?"

சாக்பீஸ் ஒடிந்தது. "சார்?"

"டிபன் என்னன்னு கேட்டேன்மா." சிரித்தபடி போய்விட்டார்.

இடைவேளையில் போன் அதிர்ந்தது. குழுவில் 'கரும்பலகை' புதிதாக ஒரு கேள்வி போட்டிருந்தார்: "என்னைப் பார்த்தாலே பயப்படுற டீச்சர்கிட்ட எப்படிப் பேசுறது? யாராவது சொல்லுங்க."

தூண்டிலா, நிஜமா?

மேகலை நிமிர்ந்து பார்த்தாள். எதிர் அறையில் ஞானப்பிரகாசம் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் பதிலின் முதல் எழுத்தைத் தட்டினாள்; குழுவில் 'மழைத்துளி எழுதுகிறார்' என்று விழுந்திருக்கும். அவர் தலை மெல்ல நிமிர்ந்தது.